சர்க்கரை இல்லாத காய்ச்சல் மருந்து

இனிமேல் குழந்தையின் மருந்து விவகாரம் முழுக்கத் தன் பொறுப்பு என்று மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர் அறிவித்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அறிவித்ததால் அதில் ஒரு பதவியேற்புக் களை இருந்தது.

காரணம் காய்ச்சல். ஐந்து வயது மகளின் உடம்பு அனலாய்க் கொதித்தது. வேறு குழந்தையாக இருந்தால் இனிப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவளுக்கு வலிப்பு உண்டு. அதை அடக்க டாக்டர் ஒரு சாப்பாட்டு முறை வகுத்திருந்தார். வெண்ணெய் உண்டு, எண்ணெய் உண்டு, முட்டை உண்டு. சர்க்கரையும் மாவும் கிட்டவே வரக்கூடாது. வந்தால், அடங்கியிருக்கும் வலிப்பு மறுபடி தலைகாட்டலாம். ஆகவே ஒவ்வொரு கவளத்தையும் மனைவி நிறுத்துத்தான் போடுவாள். அந்த வீட்டில் தராசுக்கு இருந்த மரியாதை குடும்பத்தலைவருக்கு இல்லை.

"நீங்களா வாங்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஏன், எனக்கென்ன குறைச்சல்? ஊருக்கே பார்வை குடுக்கிறவன் நான்."

"சரி, போயிட்டு வாங்க."

கல்யாணமான நாள்முதல் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். பதவி மயக்கம் விடவில்லை.

போன வேகத்தில் திரும்பி வந்து பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"பாத்துக்கோ. 'சர்க்கரை இல்லை'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்."

"கொட்டை எழுத்து விக்கிறவனுக்கு. பொடி எழுத்துதான் நமக்கு. பின்பக்கம் படிங்க."

அவர் பாட்டிலைத் திருப்பினார். கையை நீட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவர் தன் கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மனைவி வாங்கிப் படித்தாள்.

"சார்பிட்டால்."

"அது யாரு?"

"சர்க்கரைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. நம்ம பொண்ணு கணக்குல அவனும் சர்க்கரைதான். திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"ஒரு நிமிஷம் அவளைப் பாத்துட்டுப் போறேனே."

"மருந்து வரட்டும் முதல்ல." குழந்தை படுத்திருந்த அறையின் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் படையெடுப்பில் மெல்லும் மாத்திரை பிடித்து வந்தார். அட்டையில் ஒரு ஆரஞ்சுப் பழம் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"மாத்திரையாச்சே, இதுல என்ன சர்க்கரை இருக்கப்போகுது?"

"இனிக்கலேன்னா எந்தக் குழந்தை இதை மெல்லும்?"

அவர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டார். ஆரஞ்சுப் பழம் சிரித்தபடியே அவரோடு படிக்கட்டு இறங்கியது.

மூன்றாம் முறை மருந்துக்கடைப் பெண்ணிடம் வீறாப்பை விட்டுவிட்டு முழுக்கதையும் சொன்னார். வலிப்பு, வெண்ணெய், தராசு, தம்பி எல்லாம்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு நடை மிச்சமாகியிருக்குமே சார்" என்று அவள் ஆஸ்பத்திரியில் உணவுமுறை பார்க்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள். பேசி முடித்து, இனிப்பு சேர்க்காத சாதாரண மாத்திரை ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கசக்கும், நொறுக்கி வெண்ணெயில் குழைத்து, எடைக்கு டாக்டர் சொன்ன அளவே கொடுக்கவேண்டும் என்றாள். அதிலும் துளி மாவு உண்டு, அதையும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்றாள். அவர் எல்லாவற்றையும் வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டே வீடு வந்தார்.

"நொறுக்கி வெண்ணெயில குழைச்சுக் குடுக்கணும். அவ எடைக்கு டாக்டர் சொன்ன அளவுதான். துளி மாவு இருக்கு, அதைக் கணக்குல சேத்துக்கோ" என்று மூச்சு வாங்க ஒப்பித்தார்.

மனைவி அட்டையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "இதேதான். கெட்டிக்காரர்தான் நீங்க" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"பூட்டுறியே. குழந்தைக்குக் குடுக்க வேண்டாமா?"

"நீங்க முதல் தடவை கிளம்பினதுமே குடுத்துட்டேன். வீட்டுல இதே மாத்திரை கடைசியா ஒண்ணு இருந்தது. காய்ச்சல் இறங்கி நல்லாத் தூங்குறா. அடுத்த வேளைக்கு இது ஆகும்."

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் வலி அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ அட்டையைக் காட்டி இதையே வாங்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உடனே வந்துடுவீங்களே. அவ தூங்கவேண்டாமா?"

"நான் வந்தா அவ தூங்கறதுக்கு என்ன?"

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு மகள் எழுந்துவிட்டாள். கலைந்த தலையோடு கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, அம்மாவிடம் மட்டும் ரகசியமாகக் கேட்டாள்:

"அம்மா, நான் கசப்பு மருந்து சாப்பிட்டதை அப்பாகிட்ட சொல்லிட்டியா? போன தடவை மாதிரி அழறாரா?"