பயன்படாத வரிகளும் என் கல்யாண மண்டபமும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுத்தம் செய்யும் ஆசை வருகிறவர்களைக் கம்ப்யூட்டர் பக்கமே விடக்கூடாது. எனக்கு அந்த ஆசை வந்தது, கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில்.

விளாங்குடியில் எங்கள் கம்பெனி; மொத்தமே ஆறு பேர். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு, போனிலேயே தேதி பிடிக்கும் தளம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் செய்து கொடுத்திருந்தோம். அதன் நிரலைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறு கோப்பில் இருப்பதை வரவழைக்க ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இம்போர்ட் வரிகள் எழுதுவோம். இங்கே அவை பந்திக்கு முண்டியடிக்கும் கூட்டம்போல நின்றன. பாதி வரிகள் எதற்கு வந்தன என்று யாருக்கும் தெரியாது.

லின்ட் என்று ஒரு கருவி உண்டு. எழுதியதில் குறை சொல்வதுதான் அதற்கு வேலை. (எங்கள் சொந்தத்தில் எல்லா விசேஷத்துக்கும் இப்படி ஒருவர் வருவார்.) பயன்படாத இம்போர்ட் எதுவானாலும் தானே அழித்துவிடும்படி அதன் விதியைக் கடுமையாக்கினேன்.

சீனியர் சரவணன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஓடுற வண்டிய எதுக்கு பாப்பா கழட்டுற?"

"குப்பையத்தான் அள்ளுறேண்ணே. இம்புட்டையும் எப்படி வச்சிருந்தீங்க?"

"என்னமோ பண்ணு. நான் சாப்பிடப் போறேன்."

பட்டனைத் தட்டியதும் திரை நிறைய இருந்த எச்சரிக்கைகள் காணாமல் போயின. எனக்கு நானே ஆரத்தி எடுக்காத குறை. அன்று சாயங்காலமே தளத்தில் ஏற்றிவிட்டேன்.

அழிந்ததில் ஒன்று, ஒரே தேதியை இரண்டு பேருக்குக் கொடுக்காமல் தடுக்கும் கோப்பை வரவழைத்த வரி. வரவழைத்தால் போதும், அந்தக் கோப்பு தானாக வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதை வேறு எங்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் லின்ட் அதைத் தண்டம் என்று முடிவு கட்டியது. நானும் தலையாட்டினேன், மடச்சி.

மறுநாள் புதன்கிழமை. என் கல்யாணத்துக்கு ஆவணியில் பொருந்தி வந்த ஒரே முகூர்த்த நாளுக்கு அதே மண்டபத்தைப் பிடிக்க, ராகு காலம் முடியட்டும் என்று அப்பா போனும் கையுமாகக் காத்திருந்தார். ஒன்றரை ஆனதும் அமுக்கினார். பரவையில் இன்னொரு பெண்ணின் அப்பாவும் அதே ராகு காலம் முடியக் காத்திருந்து, அதே நாளுக்கு அமுக்கினார். 'மண்டபம் உங்களுக்கே' என்று இரண்டு பேருக்கும் செய்தி போனது. (அந்த வாசகமும் நான் எழுதியதுதான்.)

பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு, அலங்காரத்துக்கு இடம் பார்க்கப் போன அன்றுதான் இரண்டு குடும்பமும் மண்டப வாசலில் முட்டிக்கொண்டன. வேறு மண்டபம் எதுவும் காலியில்லை. அலங்காநல்லூரிலிருந்து வந்திருந்த என் வருங்கால மாமனார் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எவன் பார்த்த வேலை இது? அவன் வந்து பதில் சொல்லணும். இல்லாட்டி கல்யாணத்த அடுத்த வருசம் பார்த்துக்குவோம்."

அப்பா என்னைப் பார்த்தார்.

"நான்தான் மாமா."

மாமா வேட்டியை இறக்கி விட்டார்.

"உன் கல்யாணத்துலயே கை வச்சிட்டியேத்தா."

கடைசியில் ஒன்பது மணி முகூர்த்தம் பரவைக்காரர்களுக்கு, விடியற்காலை நாலரை எங்களுக்கு என்று முடிவானது. பத்திரிகையை நம்பி ஒன்பது மணிக்கு வந்த எங்கள் சொந்தக்காரர்கள் பரவைப் பெண்ணுக்கு அட்சதை போட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். எங்கள் ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் பின்னால் மேடை அலங்காரத்தில் இருப்பது அந்த ஜோடியின் பெயர்.

வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மாமா இப்போது எங்களோடு இருக்கிறார். நான் ஆபீஸிலிருந்து உள்ளே நுழைந்ததும் அத்தை அடுப்படியிலிருந்து சொல்வார்: "ஏங்க, மருமக வந்துட்டா. சும்மா உக்காந்திருக்காதீங்க, தேவையில்லாத ஆளுன்னு அழிச்சுப்புடுவா."

மாமா அவசரமாக ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்குவார்.

"வேலையாத்தான்த்தா இருக்கேன்."