பெரில் அண்ணன் செலவழிக்காத சொல்

ஒருவருடைய பட்டப்பெயருக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டு அலைகிறீர்களே, வீட்டில் உலை வைத்தாயிற்றா? சரி, கேட்டுத் தொலையுங்கள். ஆம்பூரில் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி வாழ்ந்தவர் எங்கள் பெரில் அண்ணன் ஒருவர்தான்.

தோல் பதனிடும் டேனரி ஒன்றில் நான் தோல் காயவைத்தேன்; அங்கே அவர் வாட்ச்மேன். கழிவுநீர்த் தொட்டி மேல் அந்தக் காலத்துப் பலகை ஒன்று தொங்கும். இறங்கினால் உன் பாடு என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். அதில் ஆபத்துக்குப் போட்டிருந்த சொல்தான் பெரில். ஆபீஸில் போய் அர்த்தம் கேட்டு வந்தவர், அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார்; எங்களுக்கும் அவர் பெரில் அண்ணன் ஆகிவிட்டார்.

"டேஞ்சர்னு சொன்னா போதாதாண்ணே?" என்று சீண்டினேன்.

"அது வேற, இது வேறம்மா. கடிக்கிற நாயி கட்டிக் கெடந்தா டேஞ்சர். அது அவுத்துக்கினு நிக்குது, கேட்டு பூட்டிக்கீது, நீ உள்ள மாட்டிக்கினே. அதான் பெரில்!"

அப்புறம் விடுவோமா? கேன்டீன் சாம்பாரைக் காட்டி, "இது பெரிலாண்ணே?" என்போம்.

"சீ, டேஞ்சர்."

"மாதனூர் பஸ் டிரைவரு?"

"ஜாஸ்தி டேஞ்சர்."

"எங்க மருமவ?"

கொஞ்சம் யோசித்தார். "டேஞ்சர்தான். பெரில சும்மா சும்மா செலவு பண்ணக் கூடாதும்மா."

ஒரு நாள் கழுவுவதற்காகத் தொட்டியைக் காலி செய்து ஏணி போட்டிருந்தார்கள். கூட வேலை செய்யும் ஷகிலா எட்டிப் பார்த்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டை உள்ளே விழுந்தது. அடியில் கொஞ்சம் சேறுதான். "தோ, எடுத்துக்கினு வந்துர்றேன் ஆயா" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏணியில் இறங்கிவிட்டாள். அந்தச் சேற்றில் கிளம்பும் வாயு கண்ணுக்குத் தெரியாது. மூச்சை இழுத்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

"பெரில்!"

டேனரியே நின்றது. அவர் வாயால் அப்படிக் கூவி நாங்கள் கேட்டதே இல்லையே! இடுப்பளவு இறங்கியிருந்த ஷகிலாவும் அப்படியே நின்றாள். கேட்டிலிருந்து பறந்து வந்தார் மனுஷன். தொப்பி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அவள் ஜடையைப் பிடித்து ஒரே இழு! இரண்டு பேரும் மண்ணில் உருண்டார்கள்.

"அட்ட போனா வேற அட்ட குடுப்பான். நீ போனா எவன்டி குடுப்பான்?" என்று கத்தியவர், அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் வேறு கதை. "வாட்ச்மேன் பொம்பள ஜடைய புடிச்சி இழுத்தானாமே?" என்று வழிமறித்தார்கள்.

"ஆமாடி, இழுத்தாருதான்," என்றேன். "இழுபட்டவ வூட்ல கொழந்தைங்களுக்குத் தோசை ஊத்திக்கினு கீறா, போய்ப் பாருங்க. அவருக்கும் ரெண்டு குடுத்தனுப்பிக்கீறா. ஆறிப்போவுது, வழிய வுடுங்க."