பொட்டு வைத்த டிவி

இல்லை மாமா, நாங்கள் டிவி பார்ப்பதில்லை. நீங்கள் மோல்மேனுக்குக் குடிபோனபோது எங்களிடம் விட்டுப்போன டிவி நலம். நாங்களும் நலம். அத்தைக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இதோடு முடிந்தது. இனி கோபம்.

நான் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வார்டு அலுவலகத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று செவ்வாய். முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்து ஓர் எழுத்தர் வந்தார். கோ ரமணன். நம் பபேடான் தெருக்காரர்தான்; ஆணுக்கு ‘கோ’, பெண்ணுக்கு ‘மா’ என்று பெயருக்கு முன் பர்மிய மரியாதை விடாதவர். அம்மா கொடுத்த டீயைக் குடித்தார். டிவியைப் பார்த்தார்.

“டிவி லைசென்ஸ் எங்க?”

“நாங்க பாக்கறதே இல்ல.”

“பாக்கறியான்னா கேட்டேன், மா சத்யா? வச்சிருக்க இல்ல?”

நான் விடவில்லை. ஆன்டெனா போன மழைக்காலத்துக்கு முந்தியே முறிந்து காக்கை உட்காரும் கம்பியாகிவிட்டது, டிவி மேல் என் புத்தகங்கள்தான் இருக்கின்றன, கரெண்ட் எப்போது வரும் என்றே தெரியாத ஊரில் எதைப் பார்ப்பது, வீட்டில் அரிவாள்மனைகூட இருக்கிறது, அதற்காக நான் கொலைகாரியா என்றெல்லாம் கத்தினேன். அவர் சிரித்தார். திரையைக் காட்டினார். நடுவில் சந்தனம், குங்குமம். போன வாரம் ஆயுத பூஜைக்கு அம்மா வைத்தது.

“பொட்டு எதுக்கு வப்பாங்க? வேலை செய்ற சாமானுக்கு. என் சைக்கிளுக்கு வச்சேன், ஓட்ட வாளிக்கு வைக்கல. பர்மாக்கார ஆபீசர்னா ஏமாந்திருப்பாரு. நான் நம்மாளு.”

நம்மாள். நான்கு வருடம் தத்துவம் படித்தேன் மாமா. பொட்டைப் பற்றி அதில் ஒரு பாடம்கூட இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் டீக்குவளையைக் கழுவப் போய்விட்டாள்.

“ஒண்ணு லைசென்ஸ் எடு. இல்ல, ஓடலன்னு யாராச்சும் கையெழுத்துப் போடட்டும். அதுவரைக்கும் கடிதம் கெடையாது.”

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: ‘ஓடாத டிவியைத்தான் கொடுத்தேன்.’ கையெழுத்து. அது பொய்யாகாது. நான் அதில் ஒருமுறைகூடப் படம் கண்டதில்லை. இந்தக் கடிதம் மோல்மேன் பஸ்ஸில் வருகிறது. அதே பஸ்ஸில் பதில் வேண்டும்.

காளியம்மன் உங்களையும் அத்தையையும் காக்கட்டும். கோ ரமணனைப் பிறகு கவனிக்கட்டும்.

உங்கள் மருமகள்,
சத்யபாமா

பி.கு. (புதன்): உறையை ஒட்டும்போது அம்மா வந்து நின்றாள்.

“தம்பிய பொய் எழுதச் சொல்லாத. அது ஓடுது.”

அடுத்த வீட்டு ஜெயம்மாவின் ஆன்டெனாவிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு ஒயர். நான் டியூஷன் சொல்லித்தரப் போனதும், கரெண்ட் இருந்தால், நாடகம். இரண்டு வருடமாக. சூடு படக்கூடாது என்று என் புத்தகங்களை இறக்கிவைத்திருக்கிறாள். பிறகு அதே வரிசையில் அடுக்கியிருக்கிறாள்.

“நீ பெரிய படிப்பு படிச்சவ. சிரிப்பியேன்னு சொல்லல.”

உங்கள் கையெழுத்து வேண்டாம் மாமா. லைசென்ஸ் படிவத்தில் அம்மாவின் பெயரை எழுதிக் கோ ரமணனிடம் கொடுத்தேன். சிபாரிசுக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் புத்தகங்களுக்கு ஒரு பலகை வாங்கி வந்து சுவரில் அடித்தேன்.