மாப்பிள்ளைக் காருக்குக் குளிர்காய்ச்சல்

"மருமகன், ஒங்கட காருக்கு என்ன, குளிர்காய்ச்சலா?"

பின் சீட்டிலிருந்து மாமனார் அப்துல் ஸமத் கேட்டதும் யஹ்யாவின் முகம் சுருங்கிவிட்டது. ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு விரட்டிக்கொண்டு வந்தவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். நடுக்கம் நின்றது. மறுபடி மிதித்தார். முள் இருபத்தைந்து மைலைத் தாண்டியதும் ஸ்டியரிங், சீட்டு, மாமனாரின் தாடி எல்லாம் ஒன்றாக ஆடத் தொடங்கின.

"வெள்ளிக்கிழமை என்ட மகன்ட கலியாணம். மாப்பிள்ளைய இதுலயா கூட்டிப் போற? மாப்பிள்ளைக்குத்தான் நடுக்கம்னு பொண்ணு வீட்டுக்காரங்க நெனப்பாங்க. நான் சாலிஹ்ட காருக்குச் சொல்லப் போறேன்."

யஹ்யாவுக்கு இதைவிடத் தலைகுனிவு வேறு கிடையாது. மாத்தளை பஸ் ஸ்டாண்டில் வாடகைக்கு நிற்கும் ஹயர் கார்களில் அவருடையதுதான் வேகம். ரிவர்ஸ்டன் மலை வளைவுகளில்கூட அவர் பிரேக்கை மதித்தவர் இல்லை. சாலிஹோ, மாட்டு வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுகிற ஆள். சொந்த மச்சான் ரவூப் மாப்பிள்ளையாகப் போவது அந்தக் காரிலா?

"வெள்ளிக்கு முந்தி சரியாக்கிடுவேன் மாமா" என்றார் வீறாப்பாக.

மெக்கானிக் பொன்னையா பாஸின் கராஜ் திருகோணமலை வீதியில் ஒரு பலாமரத்தடியில் இருந்தது. பாஸ் பொனட்டைத் திறந்தார், காதைக் கொடுத்துக் கேட்டார்.

"பிளக்கு, யஹ்யா நானா. கரி புடிச்சிருக்கு."

கரி போயிற்று, நடுக்கம் போகவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி ஹவ்வாவிடம் மார்தட்டினார் யஹ்யா.

"ஆடினா ஆடட்டும்னு நாப்பதுல விட்டுப் பாத்தேன்!"

"நாப்பதுலயா?" என்றாள் ஹவ்வா. ஒருமுறை இவரோடு ரிவர்ஸ்டன் போய்வந்ததிலிருந்து, காரில் ஏறியதுமே கண்ணை இறுக்க மூடிக்கொள்பவள் அவள். மெதுவாகப் போகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் இருபது மைலிலேயே நடுக்கம் வந்துவிட்டது.

"எஞ்சினத் தாங்குற றப்பர் தேஞ்சிருக்கு" என்றார் பொன்னையா பாஸ்.

கப்பலில் உதிரிச் சாமான் வராத காலம் அது. பாஸ் ஒரு பழைய லொறி டயரை வெட்டி அடியில் வைத்தார். அதைச் சோதிக்க யஹ்யா பலாபத்வலைவரை பறந்து போய் வந்தார். வழியில் நின்ற யாரோ அதை ஹவ்வாவிடம் அப்படியே ஒப்பித்துவிட்டார்கள். அன்று தேத்தண்ணீர் கொடுத்த அவளுடைய சாரி முந்தானையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. தன் சட்டையைத் துவைத்த வினை என்று யஹ்யா நினைத்துக்கொண்டார், கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

புதன்கிழமை, பதினைந்து மைலில் ஹார்ன் தானாகவே அடித்தது.

"இனி அடியில போய்த்தான் பாக்கணும்" என்ற பாஸ், காருக்குக் கீழே தவழ்ந்து போனார். போனவர் சட்டென்று வெளியே வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் யஹ்யாவைப் பார்த்த பார்வையில் புதிதாக ஒரு மரியாதை தெரிந்தது.

"எல்லாத்தையும் நல்லா இறுக்கிட்டேன் நானா. இனி ஆண்டவன் விட்ட வழி."

ஆண்டவன் பத்து மைலோடு வழியை நிறுத்திவிட்டான். அதற்குமேல் மிதித்தால் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன.

இதற்கிடையில் மாமனார் வேறு ஒரு புகாரோடு வந்து நின்றார்.

"இந்த ஒரு கிழமைக்குள்ள என்ட கடையில மூணு பூட்டுக் காணோம்! கராம்பு மூட்டையெல்லாம் அப்பிடியே ஈக்கி. பூட்ட மட்டும் எடுத்துட்டுப் போற கள்ளன எங்கயாச்சும் கண்டீக்கிறீங்களா? கடையக் கயித்தால கட்டிட்டு வந்தீக்கிறேன்."

"அதுக்கும் என்ட கார்தான் காரணம்னு சொல்லுவீங்க" என்று எரிந்து விழுந்தார் யஹ்யா.

வெள்ளிக்கிழமை சாலிஹின் கார் கிடைக்கவில்லை. வஹகோட்டைக் கோயில் திருவிழாவுக்கு யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை ரவூப், மாமனார், ஹவ்வா மூவரையும் ஏற்றிக்கொண்டு யஹ்யா உக்குவளைக்குப் புறப்பட்டார். பத்து மைலுக்கு மேல் முள் ஏறவில்லை. ஒரு மாட்டு வண்டி அவரை முந்தியது. கலியாணத்துக்கு அழைக்கப்பட்டிருந்த பொன்னையா பாஸ் சைக்கிளில் மணியடித்துக்கொண்டே முந்திப் போனார். யஹ்யாவுக்கு அழுகை வந்தது.

பெண் வீட்டு வாசலில் ரவூப் இறங்கினான். துருக்கித் தொப்பி துளியும் சாயவில்லை, பூமாலையில் ஓர் இதழ்கூட உதிரவில்லை. அப்துல் ஸமத் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகன், ஒங்கட கார்ல உயிர்ப் பயத்துல கலிமா சொல்லாம வந்து எறங்கினது இன்டைக்குத்தான்!"

யஹ்யாவுக்கு அது பாராட்டாகப் படவில்லை. நேரே பொன்னையா பாஸிடம் போனார்.

"பாஸ், என்ட கார நாசமாக்கிட்டு கலியாணச் சோறு திங்க வந்தீங்களா?"

"நான் என்ன செய்ய நானா?" என்றார் பாஸ், பரிதாபமாக. "சுத்துற ஷாஃப்டுல ஒரே பக்கமா மூணு பூட்டக் கட்டினா எந்தக் காரும் ஆடத்தானே செய்யும்? பச்சத் துணி சுத்தியிருந்திச்சு. ஒங்க நேத்திக்கடன்ல நான் கை வைக்கலாமா? கம்பி தளந்திருந்திச்சு, அத மட்டும் இறுக்கிவிட்டேன்."

"பூட்டா?" என்றார்கள் மாமனாரும் மருமகனும் ஒரே குரலில்.

இருவரும் ஹவ்வாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதித் தந்தாரு. ஒரு பூட்டுக்கே எந்த டிரைவர்ட வேகமும் அடங்கிடும்னுதான் சொன்னாரு, ஒங்களுக்குத்தான் மூணு தேவைப்பட்டிச்சு."