குதிகால் தக்கையும் வாசல் பனியும்

மதிப்பிற்குரிய அண்ணன் ஆர்விட் அவர்களுக்குத் தம்பி லெஸ்டர் எழுதிக்கொள்வது. டுலூத்தில் நானும் மார்லிஸும் என் இரண்டு முழங்கால்களும் நலம். இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்காதீர்கள். பேச மாட்டேன் என்றது நீங்கள்தான்.

நேற்று முதியோர் பளுதூக்கும் போட்டியில் இருநூற்றுப் பத்து பவுண்டைத் தோளில் வைத்துக் குந்தி எழுந்தேன். மூன்று நடுவர்களும் 'செல்லும்' என்று வெள்ளை விளக்கு போட்டார்கள். போன வருடம் மூன்றும் சிவப்பு. இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லையாம். அன்று எல்லார் முன்னாலும் நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "டேய், நீ குந்துறியா, பஸ்ஸுக்கு நிக்கிறியா?"

என் கணுக்கால் மடங்காது, குதிகாலை உயர்த்தினால் முழங்கால் முன்னே போகும், முதுகு நிமிரும், அடிவரை இறங்கலாம் என்றேன். தட்டை ஷூ போதும் என்றீர்கள். குதிகாலை உயர்த்தி நான் ஜெயித்தால் குளிர்காலம் முழுக்க என் வாசல் பனியை நீங்கள் அள்ள வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வாசலில் நான் என்று பந்தயம் கட்டினோம், அத்தோடு நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள். அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமா? முதலில் குதிகாலுக்கடியில் பலகை வைத்தேன், அது வழுக்கியதில் பளுக்கம்பியோடு பின்னால் உட்கார்ந்தேன், அப்புறம் குதிகால் உயர்ந்த கௌபாய் பூட்ஸ் போட்டுப் போனால் ஜிம் நடத்தும் டெல்ஃபின், "குதிரைய எங்க கட்டியிருக்கீங்க?"ன்னு கேட்டு மானத்தை வாங்கிட்டா, கடைசியில் தூண்டில் மிதவைத் தக்கையைச் சீவி ஷூவுக்குள் வைத்து மூன்று மாதம் பழகினேன். நேற்று மேடையில் அந்தத் தக்கை குதிகாலைத் தாங்கியதை உணர்ந்தேன் அண்ணா, சத்தியமாக. மார்லிஸ் அழுதேவிட்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. உங்கள் நாற்காலி காலியாக இருந்ததுதான் குறை.

நாளை அரை அடி பனி என்கிறார்கள். காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள், காபி தருகிறேன். அண்ணிக்கு என் அன்பு, உங்கள் இடுப்புக்கு என் பிரார்த்தனை.

தம்பி,
லெஸ்டர்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மார்லிஸ் வந்து, "ஏங்க, உங்க தக்கை ரெண்டும் ஹீட்டர் மேலயே கெடக்கு. ஷூ நாறுதேன்னு போட்டிக்கு முந்தின நாளே எடுத்துக் காயவச்சேன், திரும்ப வைக்க மறந்துட்டேன்" என்கிறாள். எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. பந்தயம் உங்களுடையது, காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலுக்கு நானே வருகிறேன். ஜன்னல் திரையை மட்டும் விலக்கி வையுங்கள். எவ்வளவு கீழே குந்தி அள்ளுகிறேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.