மறுப்பு முக்காலி

வரைபடம் வரைந்தவர்கள் மறந்துபோன நிகர்நாட்டில், மக்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கண்டறிய நூறு அறிஞர்கள் கொண்ட மன்றம் ஒன்று இருந்தது. மன்றம் காரணம் சொல்லும். மன்னர் சட்டம் போடுவார். நூறு பேருக்கும் எப்போதும் ஒரே கருத்துதான். புதியவர்களைப் பழையவர்களே தேர்ந்தெடுத்தார்கள், தேர்விலும் ஒரே கேள்விதான்: “நாங்கள் நினைப்பது சரிதானே?” நச்செள்ளையும் “சரிதான்” என்று எழுதித்தான் உள்ளே வந்தாள்.

முன்னோர் வைத்த விதி ஒன்று மட்டும் தொந்தரவாக இருந்தது. மறுப்பைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. மறுப்பவர் அமர நடுக்கூடத்தில் ஒரு முக்காலி. ஆள் கிடைக்காததால் அதில் களிமண் பொம்மை ஒன்றை உட்கார வைத்திருந்தார்கள். செயலர் பணிவாகக் குனிந்து, “தங்களுக்கு மறுப்பு உண்டா?” என்று கேட்பார். பொம்மை வாய் திறக்காது. “மறுப்பாளர் மனநிறைவடைந்தார்” என்று எழுதிக்கொள்வார். ஒருமுறை பூனை தள்ளிவிட்டதில் பொம்மையின் மூக்கு உடைந்தது. பதறிப்போன மன்றம், முக்காலியில் இருப்பவரை யாரும் தொடவோ கீழே இறக்கிவிடவோ தண்டிக்கவோ கூடாது என்று சட்டமே செய்தது.

அந்த ஆண்டு மலைமக்கள் தங்கள் தினையை அரசுக் களஞ்சியத்தில் சேர்க்கவில்லை. அறியாமை என்றது மன்றம். அறுவடை நாளில் ஊர் ஊராகப் பாடம் நடந்தது. கதிர்கள் வயலிலேயே உதிர்ந்தன. பிறகும் சேர்க்கவில்லை. பிடிவாதம் என்றது மன்றம். வாரத்தில் இரண்டு நாள் அடுப்பு மூட்டத் தடை வந்தது, பிள்ளைகள் வாடினார்கள். இரண்டு முறையும் நச்செள்ளை தலையாட்டினாள். மூன்றாவதாக, தினை சேமித்து வைக்கும் வீட்டுக் குதிர்களையே உடைத்துவிடலாம் என்றார்கள். இந்த முறை அவள் தலையாட்டவில்லை. அவளுடைய அக்கா குடும்பம் அந்த மலையில்தான் இருந்தது. குதிர் போனால் மழைக்காலத்தில் கஞ்சிக்கும் வழியில்லை.

அன்று பொம்மைக்குப் புதுவண்ணம் பூசி வெளியே காயவைத்திருந்தார்கள். வெறும் முக்காலியைப் பார்த்துச் செயலர் விழித்தார். நச்செள்ளை எழுந்து போய் அதில் உட்கார்ந்தாள்.

“யாரம்மா அது? இறங்கு!” என்று அலறினார் தலைவர் மாநாகனார்.

“மாட்டேங்க. தொட்டுப் பாருங்க, நீங்க போட்ட சட்டந்தான்.”

செயலர் சுவடியைப் புரட்டினார். “தொடக் கூடாதுதான், தலைவர் அவர்களே.”

“களஞ்சியத்த ஆத்தோரப் பள்ளத்துல கட்டி வச்சிருக்கீங்க. போட்ட தினையெல்லாம் பூசணம் புடிக்குது. அதான் அவங்க கொண்டுவரல. ஒருத்தராவது போய்க் கேட்டீங்களா? எங்க அக்கா சொல்லித் தெரிஞ்சிருந்தும் நானும் ரெண்டு தடவ தலையாட்டினேன். வெக்கமா இருக்கு.”

“நூறு அறிஞர்கள் கூறுவது பிழையாகுமா?” என்றார் மாநாகனார்.

“தொண்ணூத்தொம்போது” என்றாள் நச்செள்ளை.

மறுப்பு என்று ஒன்று வந்துவிட்டால் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும் என்பதும் பழைய விதி. போனார்கள். களஞ்சியக் கதவைத் திறந்ததும் அறிஞர்கள் அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். குதிர்கள் தப்பின. மேட்டில் புதுக் களஞ்சியம் எழுந்தது. முதல் மூட்டையை நச்செள்ளையின் அக்கா இறக்கியபோது பெண்கள் போட்ட குலவை மலை முழுக்கக் கேட்டது.

அடுத்த கூட்டத்திலும் நச்செள்ளை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாநாகனார் கம்பீரமாக எழுந்தார். “இனி நச்செள்ளை கூறுவதே மன்றத்தின் கருத்து!” தொண்ணூற்றொன்பது கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன.

அவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கோபம் வந்தது. முக்காலியை விட்டு எழுந்தாள்.

“நான் சொல்றது தப்புன்னு சொல்ல யாராவது வந்து இதுல உக்காருங்க.”

முப்பது ஆண்டுகளாக வாயே திறக்காத ஒருவர் கடைசி வரிசையில் எழுந்தார். “புதுக் களஞ்சியத்துக்கு வண்டிப்பாதை இல்ல. எனக்கு அன்னைக்கே தோணுச்சு.” அவர் முக்காலியை அடைவதற்குள் மூன்று பேர் முந்திக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நச்செள்ளை வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்று மாலையே தச்சருக்கு ஆள் போனது: இன்னும் பத்து முக்காலிகள் வேண்டும்.