மாமனாரை ‘லேட்’ ஆக்கிய மனு

அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவனால் ஆபத்தில்லை. நாலு பேரைக் கேட்டு எழுதுவான். அகராதி படித்தவன்தான் ஆளைக் கொல்வான். நான் கொன்றது என் மாமனாரை.

எழுபதுகளின் கடைசி. டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த அவர் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றார். வீட்டைக் காலி செய்ய வேண்டும். மச்சினிக்கோ பி.ஏ. கடைசிப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை வீட்டை வைத்துக்கொள்ள மனு எழுதும் பொறுப்பு மாப்பிள்ளையான என்னிடம் வந்தது. (வரவில்லை, நானே பிடுங்கிக்கொண்டேன்.)

‘லேட்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் மந்தம் என்று பொருள். பிறகு தாமதம் என்றானது, பிறகு, அண்மைவரை பதவியில் இருந்தவர், கடைசியில், காலமானவர். ஓர் அரசு ஊழியரின் சர்வீஸ் மொத்தமும் அதில் அடக்கம். நான் மூன்றாவது பொருளில், ‘இந்த இலாகாவின் லேட் சூப்பிரண்டாகிய நான்’ என்று கம்பீரமாக டைப் அடித்தேன். மாமனார் படிக்காமலே கையெழுத்திட்டார். இறந்தவரே மனுச் செய்திருப்பதை ஆபீசில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கையெழுத்து உரிய இடத்தில் இருந்தது. முறைப்படி அது போதும்.

பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபம்; கணவரின் இறப்புச் சான்றிதழுடன் மனைவி விண்ணப்பிக்கவும்.

“நான் எப்பம் செத்தேன் மாப்ளே?” என்றார் மாமனார். திருநெல்வேலிக்காரர். “தகவலுக்கு எனக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்கலாம்லா?”

இருவரும் ஆபீசுக்குப் போனோம். பஞ்சாபி கிளார்க் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ரிடையரானவருக்கு அவகாசம் குறைவாம். செத்தவர் குடும்பத்துக்கு அதிகமாம். “சோச் லீஜியே, பாபுஜி!” (யோசித்துக்கொள்ளுங்கள் என்கிறார், பாவி.)

வீட்டில் மாமியார் நிஜமாகவே யோசித்தார்.

“பிள்ள பரீட்சை முடியுத வரைக்கும் அப்படியே இருந்துட்டுப் போங்களேன். இப்பமும் சும்மாத்தான இருக்கீய?”

“அப்பம் ஒன் தாலி?”

“அத ஆபீஸ்ல யாரு பாக்கா?”

மாமனார் பிடிவாதமாக உயிரோடு இருந்தார். அதை ஆபீஸ் ஒப்புக்கொள்வதற்குள் ரிடையரானவருக்கான கெடுவும் தீர்ந்துபோனது. மூவரும் பெட்டி படுக்கையோடு மோதி பாக்கில் எங்கள் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். மச்சினி சமையலறையில் உட்கார்ந்து படித்துப் பாஸ் செய்தாள். மாமனார் ஊருக்குத் திரும்பிப் போகவேயில்லை.

பார்க்க வந்தவர்களிடம் அவர் சொன்னதை என் வீட்டார் இன்றும் என் எதிரிலேயே சொல்லிச் சிரிக்கிறார்கள்:

“செத்த பெறகு எனக்கு இங்கதான் போஸ்டிங்.”

“சொர்க்கமா நரகமா, அண்ணாச்சி?”

“ஆர்டர்ல தெளிவா இல்ல.”